சின்ன ஊரில் செலவு குறைவு, லாபம் யாருக்கு?

“கெட்டும் பட்டணம் சேர்” என்று ஒரு பழமொழி. “இக்கரைக்கு அக்கரை பச்சை” என்று இன்னொன்று. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை, பாலாற்றங்கரை நெடுகிலும், ஷிப்டு முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் தொழிலாளிகளிடையே இந்த இரண்டு பழமொழிகளும் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோ போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார் ஒருவர். அங்கே வாங்குகிற சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும், சொந்த ஊரில் கிடப்பதே மேல் என்கிறார் மற்றவர். பெங்களூரில் வேலை செய்யும் மகனைப் பற்றித் தாய் பெருமையாகச் சொல்கிறாள். அடுத்த வாயில், தாத்தா சாவுக்குக்கூட அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சல்ல. ஊரில் இருப்பதா, போவதா என்று தீர்மானிப்பது ஒரு குடும்பத்தின் வருங்காலத்தையே தீர்மானிப்பதாகும். ஆகவே இரண்டு பக்கத்தையும் நேர்மையாக எடை போட்டுப் பார்க்க விரும்புகிறோம். டீக்கடை வாதத்தில் அநேகமாக யாரும் கேட்காத ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க விரும்புகிறோம். தொழிலாளி சின்ன ஊரில் குடியிருப்பதால் முதலாளிக்கு என்ன கிடைக்கிறது?

ஊர் சின்னது, சந்தை பெரியது

ஆம்பூரை எடுத்துக்கொள்வோம். 2011ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான ஜனங்கள். வாணியம்பாடியும் குடியாத்தமும் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வாலாஜாப்பேட்டை இன்னும் சிறியவை. பட்டணம் என்று சொல்ல முடியாது. கிராமம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இந்த வட்டாரத்தில் பதனிட்ட தோலும் தைத்த ஷூவும் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் விலை போகின்றன.

இந்தத் தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. பாலாற்று ஊற்றுத் தண்ணீர், காட்டில் கிடைத்த ஆவாரம் பட்டை, கடுக்காய், சந்தையில் சேர்ந்த பச்சைத் தோல் ஆகியவற்றை நம்பித்தான் இங்கே தோல் ஷாப்புகள் தோன்றின. 1856 ஜூலை 1ந் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. ரயில் வந்த பிறகு இந்தப் பக்கத்துத் தோல் சென்னைத் துறைமுகத்துக்கும், அங்கிருந்து லண்டன் சந்தைக்கும் சுலபமாகப் போயிற்று. 1973ல் மத்திய சர்க்கார் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுக்கப் பதனிட்ட தோலையும் ஷூ முதலிய சாமான்களையும் அனுப்ப ஊக்கம் கொடுத்தது. பட்டை முறை பின்னுக்குப் போய், குரோம் முறை முன்னுக்கு வந்தது. ஷூ கம்பெனிகள் பெருகின. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பெனி வேன் ஏறி வேலைக்கு வந்தார்கள்.

ஆகவே சின்ன ஊர் என்றால் உலகத்தோடு சம்பந்தமில்லாத மூலை என்று எண்ணுவது தவறு. 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீதம் வரி போட்டது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கு ஆம்பூரில் ஷூ தைப்பவள் தன் வேலையை நினைத்துக் கவலைப்பட வேண்டியிருந்தது. நஷ்டம் வரும்போது உலகச் சந்தை நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. சம்பளம் பேசும்போது மட்டும் “இது சின்ன ஊர் அப்பா!” என்கிறார்கள்.

சௌகரியங்கள் உண்டு

சின்ன ஊரின் சௌகரியங்களை நாம் மறுக்கவில்லை. அவை நிஜமானவை.

சென்னையில் பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் முடங்கிக் கிடக்க வேண்டும். இங்கே ஓட்டு வீடானாலும் ஒரு திண்ணை உண்டு, ஒரு முருங்கை மரம் உண்டு, நாலு கோழி மேய இடம் உண்டு. வேலைக்குச் சைக்கிளில் போகலாம். பலருக்கு நடந்தே போகலாம். பட்டணத்தில் பஸ்ஸிலும் ரயிலிலும் தொங்கிக்கொண்டு தினம் மூன்று மணி நேரம் பாழாகிறதே, அந்த நேரம் இங்கே மிச்சம்.

அதைவிடப் பெரிய சௌகரியம் மனிதர்கள். காய்ச்சலில் படுத்தால் பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள். மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி போடுவார். மாமியாரோ தாயாரோ குழந்தையைப் பார்த்துக்கொள்வதால்தான் பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போக முடிகிறது. பட்டணத்தில் இந்த உதவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு இல்லாதவள் வேலையை விட வேண்டும்.

இன்னொன்று. இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம் ஒரே வேலையை நம்பி நிற்பதில்லை. புருஷன் தோல் ஷாப்பில், பெண்சாதி ஷூ கம்பெனியில், கிழவி வீட்டில் பீடி சுற்றுகிறாள். குடியாத்தம் பக்கமானால் தறி ஓடுகிறது. நடவு, அறுவடைக் காலத்தில் வயல் வேலைக்கும் ஆள் போகிறது. ஒரு பக்கம் வருமானம் நின்றால் மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்க்கிறார்கள்.

இந்தச் சௌகரியங்களில் ஒன்றையாவது முதலாளியோ சர்க்காரோ செய்து கொடுத்ததுண்டா? திண்ணையைக் கட்டியது நம் தாத்தா. கஞ்சி கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரி. குழந்தையைப் பார்த்துக்கொள்வது நம் தாயார். எல்லாம் உழைப்பாளி ஜனங்கள் தங்களுக்குத் தாங்களே தேடிக்கொண்டவை. இதை மறந்துவிடக் கூடாது.

தொல்லைகளும் உண்டு

ஊரில் ஒரே தொழில்தான் பிரதானம் என்பது முதல் தொல்லை. ஆர்டர் குறைந்தால் ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு அணைவதில்லை. தெரு முழுக்க அணைகிறது. கடன் கொடுக்கும் மளிகைக் கடைக்காரரும் சேர்ந்து முழுகுகிறார். பட்டணத்தில் ஓர் ஆலை மூடினால் வேறு தொழிலில் எதையாவது தேடலாம். இங்கே தோலை விட்டால் பெரிய தொழில் எது?

இந்த நிலைமையில்தான் 2025 நவம்பர் 21ந் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடவோ ஆள்குறைப்புச் செய்யவோ சர்க்காரின் முன்னனுமதி வேண்டும். இப்போது அந்த வரம்பை 300 ஆக உயர்த்திவிட்டார்கள். ஊருக்கு ஊர் சின்னதும் நடுத்தரமுமான தோல் ஷாப்புகள் நிறைந்த வட்டாரத்துக்கு இதன் அர்த்தம் என்ன? கேட்பாரில்லாமல் கதவைச் சாத்தலாம் என்பதுதான்.

இரண்டாவது தொல்லை, ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பது. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிவது போலவே மேஸ்திரிக்கும் தெரியும். யார் சங்கத்தில் சேர்ந்தார், யார் வீட்டில் கூட்டம் நடந்தது என்ற செய்தி பொழுது சாய்வதற்குள் கம்பெனி ஆபீசுக்குப் போய்விடுகிறது. ஒரு கேட்டில் வெளியேற்றப்பட்டவனுக்கு மறு கேட்டும் சுலபத்தில் திறப்பதில்லை. பட்டணத்தில் பெயரை யாரும் அறியாமல் அடுத்த பேட்டைக்குப் போகலாம். இங்கே அது முடியாது.

மூன்றாவது ஜாதி. சின்ன ஊர் என்றாலே அன்பும் அமைதியும் என்று எழுதுகிறவர்கள் எந்தத் தெருவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 1948 நவம்பர் 4ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், கிராமத்தைப் போற்றிப் புகழ்ந்தவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நாட்டில் சேரிக்காரன் கண்ணால் பார்த்தால்தான் ஊரின் உண்மை தெரியும். பச்சைத் தோலைத் தூக்கியதும், சுண்ணாம்புக் குழியில் இறங்கியதும் பெரும்பாலும் சேரி ஜனங்கள். அந்தத் தோலால் ஊர் செழித்தது. தோலைத் தொட்ட கையை மட்டும் ஊர் தள்ளி வைத்தது. அந்த வீட்டுப் பையன் “பட்டணத்து பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் என் ஜாதியைக் கேட்கவில்லை” என்று சொன்னால், அந்த நிம்மதியை நாம் சிறியதாக நினைக்கக் கூடாது. பட்டணத்திலும் வாடகை வீடு தேடும்போது ஜாதி தலைகாட்டுகிறது. ஆனாலும் வித்தியாசம் வித்தியாசம்தான்.

பெண்களுக்கும் இதே போல இரட்டை வாழ்க்கை. ஷூ கம்பெனிச் சம்பளம் அவள் கையில் முதன் முதலாகச் சொந்தக் காசைக் கொடுத்தது. வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பு வந்தது. ஆனால் வேன் எத்தனை மணிக்கு வந்தது, யாரோடு பேசிக்கொண்டு இறங்கினாள் என்று தெருவே கணக்கு வைக்கிறது. கம்பெனியில் சூப்பர்வைசரின் கண். வெளியே ஊரின் கண்.

படிப்பும் வைத்தியமும் கடைசி. வேலூரில் 1900ல் ஐடா ஸ்கடர் ஆரம்பித்த சின்ன மருந்தகம் இன்று வடக்கே வங்காளம், அஸ்ஸாம் வரையிலிருந்து நோயாளிகள் தேடி வரும் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக நிற்கிறது. பெரிய தனியார் சர்வகலாசாலையும் வேலூரில் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு. ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவசர நோயாளிக்கு அது தூரம்தான். ஒரு நாள் கூலியை இழந்து போகிறவளுக்கும் தூரம்தான். பிரியாணிக்குப் பேர் போன ஊர் ஆம்பூர்; அந்தப் பிரியாணியையே கணக்குப் பார்த்து வாங்கும் நிலையில்தான் அவள் இருக்கிறாள்.

மலிவு யார் பையில் விழுகிறது?

இப்போது நாம் முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். “சின்ன ஊரில் செலவு குறைவு, அதனால் சம்பளமும் குறைவு” என்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றுகிறது. சர்க்காரும் பல தொழில்களின் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பில் ஊரைப் பார்த்து வட்டாரம் பிரித்து, சின்ன ஊருக்குக் குறைந்த கூலி போடுகிறது.

உண்மையில் எது மலிவு? வாடகை மலிவு. ஓரளவு காய்கறி மலிவு. அவ்வளவுதான். தீப்பெட்டியின் மேல் அச்சடித்த விலை ஆம்பூருக்கு ஒன்று, அண்ணாநகருக்கு ஒன்றா? மாத்திரை அட்டையில் சின்ன ஊர் விலை என்று தனியாக உண்டா? சமையல் எண்ணெய், சோப்பு, பையனின் நோட்டுப் புத்தகம், செல்போனுக்குப் போடும் காசு, எல்லாம் ஒரே விலைதான்.

மத்திய சர்க்கார் தன் சொந்த சிப்பந்திகளுக்கு எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பாருங்கள். சென்னைத் தபாலாபீசில் வேலை செய்யும் குமாஸ்தாவுக்கும் ஆம்பூர்த் தபாலாபீசில் அதே வேலை செய்யும் குமாஸ்தாவுக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்று. பஞ்சப்படியும் ஒன்று. வீட்டு வாடகைப்படி மட்டும்தான் முக்கியமாக வேறுபடும். 2024 ஜனவரி முதல் அது சென்னை போன்ற பெருநகரத்தில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், 5 லட்சத்துக்குக் குறைந்த ஜனத்தொகை உள்ள ஊர்களில் 10 சதவீதம் என்று ஆயிற்று. உதாரணத்துக்கு அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வாடகைப்படி 6,000. சின்ன ஊரில் 2,000. வித்தியாசம் 4,000. மற்றபடி அரிசிக்கும் துணிக்கும் மருந்துக்கும் ஊரைக் காட்டி ஒரு ரூபாய்கூடப் பிடிப்பதில்லை.

ஆக, சின்ன ஊரில் வாழ்வதால் குறைவது வாடகை ஒன்றுதான் என்பது சர்க்காரே ஒப்புக்கொண்ட கணக்கு. அப்படியானால் ஷூ தைப்பவளுக்கும் தோல் பதனிடுபவனுக்கும் மொத்தக் கூலியிலேயே ஊரைக் காட்டிக் கை வைப்பது எந்த நியாயம்? அந்த வாடகை வித்தியாசமாவது முதலாளி கொடுத்த சலுகையா? தாத்தா கட்டிய ஓட்டு வீடு அது. தாத்தா விட்டுப் போன வீட்டின் பலனைப் பேரன் அனுபவிக்க வேண்டும், முதலாளி அனுபவிக்கிறான்.

இதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே பிரெடரிக் எங்கெல்ஸ் கண்டுசொன்னார். 1872ல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளுக்கு 1887ல் புதிய முன்னுரை எழுதியபோது, ஜெர்மனியில் நாட்டுப்புறத்து வீட்டுக் கைத்தொழிலாளிகளின் நிலைமையை அவர் விளக்கினார். தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு குடிசையும் கொஞ்சம் தோட்டமும் இருக்கின்றன. அவன் தோட்டத்தில் விளைந்த கிழங்கைச் சாப்பிடுகிறான். அந்தக் கிழங்கின் விலையை முதலாளி அவன் கூலியில் பிடித்துக்கொள்கிறான். அந்தக் குறைந்த கூலியால் ஜெர்மன் சரக்கு உலகச் சந்தையில் மலிவாக விற்கிறது. கிழங்குக்குப் பதிலாக நம் முருங்கைக் கீரையை வைத்துப் பார்த்தால் கதை ஆம்பூர்க் கதையாகிவிடுகிறது.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களிடம் போக வேண்டும். ஏஜெண்டு மூட்டையைக் கொண்டுவந்து போடுகிறான். ஜோடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். இடம் அவளுடையது, விளக்கு அவளுடையது, முதுகுவலி அவளுடையது. ஈ.எஸ்.ஐ. கிடையாது, சேமநிதி கிடையாது. கம்பெனி மஸ்டர் ரோலில் அவள் பெயரே கிடையாது. அவள் தைத்த ஷூ மட்டும் ஐரோப்பாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி உட்காருகிறது. சின்ன ஊரில் செலவு குறைவுதான். ஏனென்றால் ஆலைக் கட்டிடச் செலவையும் மின்சாரச் செலவையும்கூட அந்தப் பெண் தலையில் கட்டிவிட்டார்கள்!

தண்ணீர் போன வழி

சின்ன ஊருக்குப் பெருமையாகச் சொல்லும் இன்னொன்று நல்ல காற்று, நல்ல தண்ணீர். பாலாற்றுக் கரையில் இதைச் சொன்னால் ஜனங்கள் கோபப்படுவார்கள்.

ஒரு கிலோ தோலைப் பதனிட 30, 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் குரோமும் கலந்த அந்தக் கழிவு ஆண்டுக்கணக்கில் ஆற்றிலும் வாய்க்காலிலும் விடப்பட்டது. 1991ல் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ந் தேதி தீர்ப்பு வந்தது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு கண்டதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்லிற்று. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்ற விதி இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் நிலைநாட்டப்பட்டது. தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2001லும் 2009லும் நஷ்டஈட்டு உத்தரவுகள் வந்தன. விவகாரம் முடிந்ததா? 2025 ஜனவரி 30ந் தேதி அதே சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தலையிட்டு, பாக்கி நஷ்டஈட்டை 6 வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூல் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. 1996ல் பிறந்த குழந்தைக்கு அப்போது 28 வயது!

நஷ்டஈடு என்றால் நிலத்துக்குக் கணக்கு, கிணற்றுக்குக் கணக்கு. அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கும் களை பறித்தவளுக்கும் என்ன கணக்கு? பட்டா உள்ளவனுக்கு நிலம் போயிற்று. பட்டா இல்லாதவனுக்கு வேலையே போயிற்று. விவசாயக் கூலி வேலை அழிந்ததால்தான் அவன் குடும்பம் தோல் ஷாப்பு கேட்டிலும் கம்பெனி வேனிலும் போய் நிற்கிறது. நிலத்தைக் கெடுத்த தொழிலே, அந்த நிலத்தை நம்பியிருந்தவனைக் குறைந்த கூலிக்கு வாங்கிக்கொள்கிறது. ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் இரண்டு தனிக் கூட்டம் என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவர்கள் ஒரே குடும்பத்தார். பல வீடுகளில் ஒரே ஆள்தான்.

ஆற்றங்கரையிலேயே குடியிருந்தும், மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்கு நம் பெண்கள் குடத்தோடு காத்திருக்கிறார்கள். சின்ன ஊரின் நல்ல தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. அது ஷூவாகி ஏற்றுமதியாயிற்று.

பட்டணம் போனால் தீருமா?

இவ்வளவு தொல்லை இருக்கும்போது ஊரை விட்டுப் போவதே வழி என்று சிலர் முடிவு கட்டலாம். போகிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. எங்கே வேலை கிடைக்கிறதோ அங்கே போக எந்த உழைப்பாளிக்கும் உரிமை உண்டு. ஆனால் போவதால் மட்டும் தீர்ந்துவிடுமா?

நம் பையன் ஓசூர் போகிறான். நம் ஊருக்கு யார் வருகிறார்கள்? 2015 ஜனவரி 31ந் தேதி அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, கசடு வெள்ளமாகப் பாய்ந்தது. பக்கத்துத் தோல் ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 10 பேர் அந்தக் கசடில் முழுகிச் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கும் அங்கே ஒரு சின்ன ஊர் இருந்திருக்கும். ஒரு திண்ணையும் ஒரு தாயும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நம் ராணிப்பேட்டைதான் பட்டணமாகத் தெரிந்தது.

நாம் ஓர் ஊருக்கு ஓட, இன்னொருவர் நம் ஊருக்கு ஓடி வர, எங்கே ஓடினாலும் மலிவான கையைத் தேடி முதலாளி முன்னே நிற்கிறான். ஆம்பூர்த் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால் வங்காளத்துத் தொழிலாளியைக் காட்டுகிறான். அவனும் கேட்டால் இன்னும் தூரத்து ஊரைக் காட்டுவான். வெளியூர்த் தொழிலாளியை விரட்டுவதால் நம் கூலி உயராது. அவனையும் நம் சங்கத்தில் சேர்த்து, அவன் கூலியை நம் கூலிக்கு உயர்த்தினால்தான் நம் கூலி நிலைக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

ஊரில் இருப்பதா, போவதா என்பதை அவரவர் வீட்டு நிலைமை தீர்மானிக்கட்டும். இருக்கிறவர்கள் மனிதர்களாக வாழவும், போகிறவர்கள் விரட்டப்பட்டு ஓடாமல் இஷ்டப்பட்டுப் போகவும் வழி செய்ய வேண்டும். அதற்கு நம் கோரிக்கைகள் இவை:

ஒரே வேலைக்கு எந்த ஊரானாலும் ஒரே அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் வேண்டும். வித்தியாசம் வேண்டுமானால் வாடகையில் மட்டும் இருக்கட்டும், சர்க்கார் குமாஸ்தாவுக்கு இருப்பது போல.

வீட்டில் ஷூ தைக்கும் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் கம்பெனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஈ.எஸ்.ஐ.யும் சேமநிதியும் அவளுக்கும் வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. சந்தா செலுத்தும் தொழிலாளிக்கு வைத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும். ஷிப்டு நேரத்துக்கு பஸ் வேண்டும்; கம்பெனி வேனை மட்டும் நம்பி நிற்பது பாதி அடிமைத்தனம்.

கோர்ட் உத்தரவிட்ட நஷ்டஈடு பாக்கியில்லாமல் போய்ச் சேர வேண்டும். நிலமில்லாத விவசாயக் கூலிகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பாலாற்றைச் சுத்தப்படுத்தும் செலவு, அதைக் கெடுத்தவர்களின் லாபத்திலிருந்து வர வேண்டும்.

இவற்றைக் கேட்க நமக்குப் பலம் எது? 2019ல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில், குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரில், ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்தில். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது ஜனங்களுக்குச் சௌகரியம்தான். ஆனால் சங்கமும் அப்படியே மூன்றாகப் பிரிந்துவிடக் கூடாது. பாலாறு ஒன்று, தோல் ஒன்று, சந்தை ஒன்று. ஆம்பூரில் கூலி உயர்ந்தால் வேலையை ராணிப்பேட்டைக்கு அனுப்புவேன் என்று மிரட்டுகிறவனுக்கு, இரண்டு ஊரிலும் ஒரே சங்கம் நிற்பதுதான் பதில்.

சின்ன ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதைத் தொல்லைகளில் ஒன்றாகச் சொன்னோம். அதையே பலமாகவும் மாற்றலாம். வேலைநிறுத்தம் வந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி போடுவது அதே மளிகைக் கடைக்காரர்தான். கஞ்சித் தொட்டிக்கு விறகு கொண்டு வருவது அதே பக்கத்து வீட்டுக்காரிதான். கருங்காலி வேலை செய்கிறவன் முகத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பான்? ஊரார் பழக்கத்தை ஜாதிக்கும் வம்புக்கும் விட்டுவிடாமல் சங்கத்துக்குக் கொண்டுவருவோமானால், பட்டணத்துத் தொழிலாளிக்கும் கிடைக்காத ஒற்றுமை நமக்குக் கிடைக்கும்.

நம் பாட்டன் கட்டிய திண்ணையின் மலிவு நமக்கே சேர வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சில் “இது சின்ன ஊர்” என்று முதலாளி ஆரம்பித்தால், தபாலாபீஸ் குமாஸ்தாவின் கணக்கை எடுத்து முன்னே வையுங்கள் தோழர்களே!